அடுப்பங்கரைக் கச்சேரி

இந்தத் தடவை தபாலில் இரண்டு கடிதங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து உட்கார்ந்திருந்தன. ஒன்று விழுப்புரத்திலிருந்து, மற்றது திண்டிவனத்திலிருந்து. பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். ஆனால் இரண்டு வீட்டிலும் நடப்பது நேர் எதிர்.

விழுப்புரத்துச் சகோதரியின் மகனுக்கு இரண்டு வயது. காலையில் கண் விழித்ததும் நேரே அடுப்பங்கரைக்குத்தான் வருகிறானாம். கீழ்த் தட்டில் இருக்கும் டபரா, டம்ளர், தாம்பாளம், தூக்கு எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக் கரண்டியால் ஒரே தட்டு! "வெறும் பாத்திரத்தத் தட்டினா வூட்டுக்கு ஆவாதும்மா, புடுங்கி வை" என்கிறார் மாமியார். பிடுங்கினால் பையன் ஊரைக் கூட்டுகிறான். கடைசியில் செல்போனைக் கையில் கொடுத்தால்தான் அடங்குகிறானாம். "என்ன செய்யட்டும்?" என்று கேட்கிறார்.

திண்டிவனத்துச் சகோதரிக்குப் பதினாலு மாதப் பெண் குழந்தை. இருக்கும் இடமே தெரியாதாம். குக்கர் விசிலடித்தாலும் திரும்பிப் பார்க்காது. வாசலில் பட்டாசு வெடித்தாலும் தன் பாட்டுக்குப் பொம்மையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "இந்த மாதிரி சமத்துக் குழந்தைய எங்கயுமே பார்த்ததில்லன்னு எல்லாரும் மெச்சுறாங்க. எனக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஏதோ உறுத்துது. சத்தம் வரும் பொம்மை எதாவது வாங்கிக் குடுத்தா சுறுசுறுப்பாவாளா?" என்று எழுதியிருக்கிறார்.

திண்டிவனத்துச் சகோதரிக்கு ஒரு வார்த்தை. இந்தப் பக்கத்தின் கடைசிப் பகுதி உங்களுக்காகத்தான். அதை முதலில் படித்துவிடுங்கள். மற்ற கதையெல்லாம் அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

விழுப்புரத்துப் பையனிடம் வருவோம். அவன் செய்வது ஒன்றும் புதிசில்லை. நம் ஊர் வித்வான்கள் மேடையில் ஜமக்காளம் விரித்துச் செய்வதைத்தான் அவன் தரையில் உட்கார்ந்து செய்கிறான். ஜலதரங்கம் என்பது என்ன? பீங்கான் கிண்ணங்களும் தண்ணீரும் இரண்டு மூங்கில் குச்சிகளும்தானே! பெரிதும் சிறிதுமாகக் கிண்ணங்களை அரைவட்டமாக அடுக்கி, நடுவில் உட்கார்ந்து, விளிம்பில் மெல்லத் தட்டினால் ராகம் வருகிறது. கிண்ணத்தின் அளவும் அதிலுள்ள தண்ணீரின் அளவும் சேர்ந்துதான் சுரத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரு ஸ்பூன் தண்ணீர் கூடினால் சுருதி இறங்கும், குறைத்தால் ஏறும்.

இந்த வாத்தியத்தை நினைத்தால் எனக்குச் சீதா துரைசாமி அம்மாள்தான் முதலில் நினைவுக்கு வருவார். 1926-ல் திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே ஜலதரங்கம் கற்றுக்கொண்டார். பதினாலு வயதில் கல்யாணம். அப்புறம் ஒன்றில்லை, இரண்டில்லை, பத்துக் குழந்தைகள்! அந்தக் கிண்ணங்கள் எத்தனை வருஷம் பரணில் தூங்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நம்மில் பலருக்குக் கல்யாணத்தோடு வீணை உறைக்குள் போய்விடுகிறது, பாட்டு நோட்டு பீரோவுக்குள் போய்விடுகிறது. அவர் அப்படி விட்டுவிடவில்லை. குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவிலேயே மறுபடியும் எடுத்துக் கச்சேரி செய்தார். அருகிவந்த ஒரு வாத்தியத்தைக் கடைசிவரை கையில் பிடித்துக்கொண்டிருந்தார். 2001-ல் கலைமாமணி விருது கிடைத்தது. 2013-ல் காலமானார்.

அடுத்தது கடம். தண்ணீர்ப் பானைக்குப் பங்காளி என்றே சொல்லலாம். பார்வைக்கு அதே மண், அதே உருண்டை. ஆனால் மானாமதுரைக் கடத்தைத் தூக்கிப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். நல்ல கனம். சக்கரத்தில் வனைந்து எடுத்த பிறகு, உள்ளே ஒரு கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் ஆயிரக்கணக்கான தடவை தட்டித் தட்டித்தான் சுவரை ஒரே சீராகக் கொண்டுவருகிறார்கள். எங்காவது ஓர் இடம் மெலிந்தால் போயிற்று, நாதம் வராது. அந்தத் தட்டும் வேலையை வாழ்நாளெல்லாம் செய்தவர் மானாமதுரை மீனாட்சி கேசவன் என்ற அம்மாள். மேடையில் கைதட்டல் வாங்குபவர்களுக்குத்தான் விருது என்றிருந்த காலம் போய், வாத்தியம் செய்த அந்தக் கைக்குச் சங்கீத நாடக அகாதமி விருது கிடைத்தது. மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

விக்கு விநாயக்ராம் கடத்தை உலகமெல்லாம் கொண்டுபோனார். அவர் வாசித்த 'பிளானட் டிரம்' இசைத்தட்டுக்கு 1992-ல் கிராமி விருது கிடைத்தது பலருக்கும் தெரிந்திருக்கும். அவருடைய அப்பா ஹரிஹர சர்மாவிடம் ஒரு பெண் கடம் கற்றுக்கொண்டார் என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. மாயவரத்தில் பிறந்த சுகன்யா ராம்கோபால்தான் அவர். "பெண்பிள்ளைக் கைக்குக் கடமா?" என்று முதலில் தயங்கினார்கள். கூட உட்கார்ந்து வாசிக்க மறுத்தவர்களும் உண்டு. அவர் சளைக்கவில்லை. வேறு வேறு சுருதியுள்ள கடங்களைச் சுற்றி அடுக்கி, பானைகளிலேயே ராகம் வாசிக்கிற 'கட தரங்'கை உருவாக்கினார். பெண்கள் மட்டுமே வாசிக்கும் ஒரு குழுவையும் 1995-ல் தொடங்கினார். பானையைத் தட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று அவர் வீட்டிலும் நினைத்திருந்தால்?

விழுப்புரத்து மாமியாருக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அம்மா, நீங்கள் மட்டும் தட்டுவதில்லையா? பானை வாங்கும்போது விரலை மடக்கி நாலு தட்டுத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்ட பிறகுதானே காசை எடுப்பீர்கள்? 'கணீர்' என்றால் நல்ல பானை, 'கரகர' என்றால் கீறல். கோடையில் திண்டிவனம் சாலையோரம் தர்பூசணி மலைமலையாகக் குவிந்திருக்கிறதே, அங்கும் அதே தட்டுதான். கும்மென்று ஆழமாகக் கேட்டால் பழுத்தது, ணங்கென்று கேட்டால் காய். வீட்டுப் பெண்களின் காதுக்கு இருக்கிற சுருதி ஞானத்துக்கு யாரும் மெடல் கொடுப்பதில்லை. அவ்வளவுதான் விஷயம். பேரன் உங்களிடமிருந்துதான் கற்றுக்கொண்டிருப்பான்!

உங்கள் பக்கத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற வழியில், வானூர் வட்டத்தில் ஆரோவில். 1968-ல் உருவான ஊர். அதிலே கோட்டக்கரைப் பக்கம் 'ஸ்வரம்' என்று ஒரு வாத்தியப் பட்டறை 2003-லிருந்து நடக்கிறது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் அங்கே வேலை கற்றுக்கொண்டு வாத்தியம் செய்கிறார்கள். குழாய், மூங்கில், மரப்பெட்டி, கருங்கல் என்று சங்கீதத்துக்குச் சம்பந்தமில்லாதது போல் தெரியும் சாமான்களிலிருந்தெல்லாம் நாதம் வாங்குகிறார்கள். கல்லில் ஆழமாகக் கோடு கோடாக வெட்டி, கையை நனைத்துக்கொண்டு தடவினால் கல் ரீங்காரமிடுகிறது. அம்மிக்கல்லை வருஷக்கணக்கில் தேய்த்திருக்கிறோம், நமக்கு ஒருநாளும் பாடவில்லை!

வெளிநாட்டிலும் இந்தப் பைத்தியம் உண்டு. ஆஸ்திரியாவில் வியன்னா நகரத்தில் ஒரு குழு 1998-லிருந்து காய்கறிகளிலேயே கச்சேரி செய்கிறது. காரட்டைக் குடைந்து குழல், பூசணிக்காயில் முரசு. ஒவ்வொரு கச்சேரிக்கும் புதுக் காய் வாங்கி அன்றைக்கே வாத்தியம் செதுக்குவார்களாம். கச்சேரி முடிந்ததும் வந்தவர்களுக்குச் சூப் கொடுத்து அனுப்புவார்களாம். விலைவாசியில் இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது. நான் மதிப்பது பராகுவே நாட்டுக் கதையைத்தான். அங்கே கத்தேயுரா என்ற இடத்தில் பெரிய குப்பைமேடு. அதைக் கிளறித்தான் அங்குள்ள குடும்பங்கள் பிழைக்கின்றன. ஃபாவியோ சாவேஸ் என்பவர் அந்தக் குழந்தைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க வந்தார். வயலின் வாங்கக் காசில்லை. குப்பை பொறுக்கும் தொழிலாளி ஒருவர் தகர டப்பாவில் வயலின் செய்து கொடுத்தார். எண்ணெய்ப் பீப்பாயில் பெரிய செல்லோ. முள்கரண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டது. பழைய எக்ஸ்ரே பிலிம் முரசுக்குத் தோலாயிற்று. அந்தக் குழந்தைகள் நாடு நாடாகப் போய் வாசித்துவிட்டு வந்தார்கள்.

தகர டப்பாவில் வயலின் என்றதும் நம் கொட்டாங்குச்சி வயலின் ஞாபகம் வரவில்லையா? மயிலம் பங்குனி உத்திரமோ, மேல்மலையனூர்த் தேரோ, எந்தத் திருவிழாவானாலும் ஒருவர் அதைச் சுமந்துகொண்டு வருவார். தேங்காய்ச் சிரட்டை, அதன் வாயில் ஒட்டிய காகிதம், ஒரு மூங்கில் குச்சி, ஒரு கம்பி. அவர் கையில் இருக்கிறவரை சினிமாப் பாட்டெல்லாம் குழைந்து குழைந்து வரும். காசு கொடுத்து வாங்கி வீட்டுக்கு வந்து இழுத்தால் 'கிரீச், கிரீச்'! ஏமாற்றிவிட்டாரே என்று அழுதிருக்கிறோம். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒரே கம்பியில் விரலால் இடம் பார்த்து வாசிக்கும் வித்தை அவருடையது. சிரட்டையோடு அதையும் சேர்த்து விற்க முடியுமா? ராஜஸ்தானில் ராவணஹத்தா என்று பெரிதாக ஒன்று இருக்கிறது. அதற்கும் அடிப்படை தேங்காய் ஓடுதான்.

கதை போதும். வீட்டில் செய்து பார்க்க இரண்டு மூன்று சொல்கிறேன்.

ஒரே அளவுள்ள பீங்கான் கிண்ணமோ கண்ணாடிக் கிண்ணமோ ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள். எவர்சில்வர் டம்ளரில் சுரம் அவ்வளவு தெளிவாகப் பேசாது. கீழே ஒரு மடித்த துண்டைப் போட்டு வரிசையாக வையுங்கள். முதல் கிண்ணத்தில் நிறையத் தண்ணீர், அடுத்ததில் கொஞ்சம் குறைவு என்று இறக்கிக்கொண்டே போங்கள். பென்சிலால் விளிம்பில் தட்டி, ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றி எடுத்து, ச ரி க ப த என்ற ஐந்து சுரத்துக்குக் கொண்டுவாருங்கள். இது மோகன ராகம். மோகனத்தில் ஒரு சௌகரியம், குழந்தை எப்படித் தட்டினாலும் காதுக்கு உறுத்தாது. பாட்டுத் தெரிந்த அத்தையோ சித்தியோ வீட்டில் இருந்தால் சுருதி சேர்க்க அரைமணி நேரம் போதும். மாமியாரையே கூப்பிட்டு, "அத்தை, இது சரியா இருக்கா, கேட்டுச் சொல்லுங்க" என்று உட்கார வைத்துவிட்டால் பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும். பீங்கான் உடையும் என்பதால் நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்தான் இந்த விளையாட்டு.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை. கண்ணாடிப் பாட்டிலில் பாதி தண்ணீர் ஊற்றி ஸ்பூனால் தட்டச் சொல்லுங்கள். இன்னும் ஊற்றித் தட்டினால் சுருதி இறங்கும். இப்போது அதே பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதச் சொல்லுங்கள். தண்ணீர் ஏற ஏறச் சுருதியும் ஏறும்! நேர்மாறாக நடக்கிறதே என்று முழிப்பார்கள். தட்டும்போது அதிர்வது பாட்டிலின் சுவர், அதற்குத் தண்ணீர் பாரம். அதனால் மெதுவாக ஆடுகிறது. ஊதும்போது அதிர்வது உள்ளே உள்ள காற்று. தண்ணீர் ஏறினால் காற்றுக்கு இடம் குறைகிறது, சத்தம் கீச்சென்று ஆகிறது. புல்லாங்குழலில் துளைகளைத் திறக்கத் திறக்கச் சத்தம் மேலே போவதும் இதே கணக்குத்தான்.

பூவரசம் இலைப் பீப்பீயை இந்தக் காலத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஊதியிருக்கிறார்கள்? இலையைக் குழலாகச் சுருட்டி, ஒரு நுனியை லேசாகக் கடித்துத் தட்டையாக்கி ஊதினால் போதும். அந்த இரண்டு மடிப்பும் ஒன்றோடொன்று படபடத்துத்தான் சத்தம் வருகிறது. நாகஸ்வரத்துச் சீவாளியும் இதையே செய்கிறது. மழைக்காலத்தில் குப்பைமேட்டில் முளைவிட்ட மாங்கொட்டையின் பருப்பைக் கல்லில் தேய்த்து ஊதுவோமே, அதுவும் இதே ஜாதி. பிள்ளைகளுக்கு ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வையுங்கள். அரளிச் செடியின் இலையையோ குச்சியையோ வாயில் வைக்கவே கூடாது. அது கடும் விஷம்.

விஷம் என்றதும் கிலுகிலுப்பையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டப்பாவுக்குள் எதையாவது போட்டுக் குலுக்கினால் ஆயிற்று, கிலுகிலுப்பை. அந்த 'எதையாவது' எது என்பதில்தான் ஜாக்கிரதை வேண்டும். அழகாயிருக்கிறதே என்று சிலர் குன்றிமணி போடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். ஒரு மணியைக் குழந்தை கடித்து விழுங்கினாலும் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படித்தான். புளியங்கொட்டை, வேர்க்கடலை, துவரம்பருப்பு ஆகியவற்றில் விஷமில்லை. ஆனால் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தொண்டையில் சிக்கினால் மூச்சு நின்றுவிடும். அரிசி போட்டு, மூடியைத் திருகி, அதன்மேல் பசை போட்டு, வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். இன்னொன்று: எவர்சில்வர்த் தட்டில் எவர்சில்வர்க் கரண்டியால் காதோரம் அடிக்க விடாதீர்கள். பிஞ்சுக் காதுக்கு அது அதிகம். மரக்கரண்டியோ மத்தோ கொடுங்கள், அக்கம்பக்கத்தாருக்கும் புண்ணியமாகப் போகும். விழுப்புரத்துப் பையனுக்கு ஒரு பழைய பிளாஸ்டிக் குடம், ஒரு மரக்கரண்டி, ஒரு சிரட்டை ஜோடி. தினம் அரைமணி நேரம் கச்சேரி. செல்போன் தானாக மறந்துபோகும்.

திண்டிவனத்துச் சகோதரி, இனி உங்களுக்கு.

உங்கள் உறுத்தலை நம்புங்கள். பட்டாசுக்கும் குக்கருக்கும் விழித்திருக்கும்போதே திரும்பாத பதினாலு மாதக் குழந்தையைச் சமத்து என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. ஆறு மாதத்திலேயே குழந்தை சத்தம் வந்த திசைக்குத் தலையைத் திருப்ப வேண்டும். ஒரு வயதுக்குள் 'அம்மா', 'தாத்தா' என்று ஒன்றிரண்டு வார்த்தையாவது வர ஆரம்பிக்க வேண்டும். உங்கள் குழந்தைக்கு ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். காதுக்குள் நீர் சேர்ந்திருந்தாலும் கேட்பது மந்தமாகும், அதைச் சரிசெய்ய வழியுண்டு. ஆனால் எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அதுவரை வீட்டில் ஒரு தடவை பாருங்கள். குழந்தை விழித்து, விளையாடிக்கொண்டிருக்கட்டும். முன்னால் நின்று கைதட்டாதீர்கள், உங்கள் கையைப் பார்த்தே திரும்பிவிடும். தரையில் எதையும் தட்டாதீர்கள், அதிர்வு உடம்பில் தெரிந்துவிடும். நிழல் விழாமல் மூன்றடி பின்னால் நின்று, குடத்தைக் கையில் தூக்கிப் பிடித்து மெல்லத் தட்டுங்கள். இது தாழ்ந்த சத்தம். பிறகு டம்ளரில் ஸ்பூன், பிறகு சாவிக்கொத்து. இவை கீச்சென்ற சத்தம். சில குழந்தைகளுக்குத் தாழ்ந்த சத்தம் கேட்கும், உயர்ந்தது கேட்காது. 'கேட்குதே' என்று வீட்டில் ஏமாந்துபோவது அதனால்தான். இடது பக்கம், வலது பக்கம் இரண்டிலும் பார்த்து, எதற்குத் திரும்பினாள், எதற்குத் திரும்பவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பினாலும் சரி, திரும்பாவிட்டாலும் சரி, டாக்டரிடம் போவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்தச் சோதனையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முண்டியம்பாக்கத்தில் இருக்கிறது. அங்கே காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். காதுக்குள் சின்ன முனையை வைத்து எடுக்கும் சோதனை ஒன்று, தலையில் ஒட்டுப் போட்டு எடுக்கும் 'பெரா' சோதனை ஒன்று. இரண்டும் வலிக்காது. பிறந்து ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் உலகம் முழுவதும் சொல்லும் கணக்கு. உங்களுக்கு அது தாண்டிவிட்டது, ஆனாலும் நேரம் கடந்துவிடவில்லை. காது கேட்கும் கருவி போதாது என்றால் 'காக்ளியர்' அறுவை சிகிச்சை இருக்கிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தமிழக அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் அதைச் செய்கிறார்கள். ஆனால் ஆறு வயது வரை காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. மூளை பேச்சைப் பிடித்துக்கொள்வது முதல் சில வருஷங்களில்தான். ஒவ்வொரு மாதமும் கணக்கு.

சொந்தத்தில் கல்யாணமா, கர்ப்பத்தில் அம்மை கண்டதா, பிறந்ததும் மஞ்சள் காமாலைக்கு வைத்தியம் பார்த்தீர்களா, குறைமாதமா என்றெல்லாம் டாக்டர் கேட்பார். மறைக்காமல் சொல்லுங்கள். யார் பக்கத்துக் குறை என்று வீட்டில் பேச்சு எழுந்தால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அத்தையோ அண்ணியோ "நாலு வயசுல தானா பேசிடும், எங்க வூட்டுல அப்படித்தான்" என்று சொன்னாலும் நின்றுவிடாதீர்கள்.

காலையிலேயே கிளம்பினால்தான் புறநோயாளிச் சீட்டு வாங்க முடியும். ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, பிரசவத்தின்போது கொடுத்த காகிதங்கள், நீங்கள் குறித்துவைத்த தாள் ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். 'பெரா' சோதனையைக் குழந்தை தூங்கும்போது எடுப்பார்கள். அதனால் அந்தத் தேதிக்கு வரும்போது வழியில் தூங்கவிடாமல் கூட்டிவரச் சொல்வார்கள். பஸ்ஸில் விளையாட்டுக் காட்ட அவளுக்குப் பிடித்த பொம்மை ஒன்றும் பையில் இருக்கட்டும். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.